தண்ணீரில் சக்கரத் தடம்

மலைப்பாதையின் கடைசி வளைவில் வண்டி ரெண்டு தடவை இருமி, மூன்றாவது இருமலில் மூச்சை விட்டுவிட்டபோது, சவேரியான் மிராண்டா அதைத் திட்டவுமில்லை, இறங்கி உதைக்கவுமில்லை. நியூட்ரலில் போட்டு, சரிவு இழுத்த இழுப்புக்கு விட்டுவிட்டு, கீழே விரிந்து கிடந்த ஏரியைப் பார்த்தபடியே இறங்கினான். ஏரியின் நடுவில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும், எண்ணெய் தேய்த்துச் சீவிய தலையில் வகிடு எடுத்தமாதிரி ஒரு கோடு இருந்தது. முதலில் அதைப் பாலம் என்று நினைத்தான், கொஞ்சம் இறங்கியதும் தண்ணீர்க் குழாய் என்று நினைத்தான், இன்னும் இறங்கியதும், இருபத்திரண்டு வருஷம் தண்ணீரின் மேலேயே பிழைத்த கண்ணுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது: அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. ரெண்டு பக்கமும் தண்ணீர் சுவராக நிற்க, நடுவில் ஏரியின் தரை காய்ந்து கிடந்தது. அதில் பூனைகள் நடந்துகொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. மெக்சிகோவின் மலைகளுக்கு நடுவே, சான் இலாரியோ என்கிற அந்தச் சின்ன ஊரில் நிற்கவேண்டும் என்று அவனுக்கு எந்தத் திட்டமும் இல்லை. அவன் தூத்துக்குடிக்காரன், கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற ஆள், நாற்பத்தொன்பது வயது. நாட்டின் கிழக்குக் கரையில் ஒரு கப்பலிலிருந்து இறங்கியிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கரையில், மன்சானியோ துறைமுகத்தில், ஏஜெண்ட் முன்னால் போய் நிற்கவேண்டும். ஏஜெண்ட் கையில் ரெண்டு காகிதம் இருக்கும். ஒன்று அடுத்த கப்பலுக்கு, ஒன்று ஊருக்கு. எதில் கையெழுத்துப் போடுகிறாய் என்று அந்த மனிதன் கேட்பான், பதினோரு வருஷமாக ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொருவன் கேட்டதுபோல. பஸ்ஸில் போனால் யோசித்துக்கொண்டே போகவேண்டும் என்பதற்காகத்தான் அவன் இந்தப் பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பிடித்தான்.

சரிவு முடிந்த இடத்தில் வண்டி தானாக நின்றது. நின்ற இடம் ஒரு மெக்கானிக் கடை வாசல். கடைக்காரன் கூக்கோ வெளியே வந்து, வந்தவனைப் பார்க்காமல் வண்டியை மட்டும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"பேரு?"

"ஹாவியேர் மிராண்டா."

வீட்டில் சவேரியான், பாஸ்போர்ட்டில் சேவியர். ஸ்பானிய வாயில் அது ஹாவியேர். கப்பலில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அந்தப் பெயரும் அந்தப் பாஷையும் அவனுக்குப் பழகிவிட்டன. கூக்கோவின் பென்சில் 'ஹா'வோடு நின்றது. இப்போதுதான் தலையைத் தூக்கி ஆளைப் பார்த்தான்.

"இந்த நிறத்துல ஒரு மிராண்டாவா?"

"எங்க ஊருக்கு வாங்க, தெருவுக்குப் பத்து மிராண்டா காட்டுறேன். எல்லாரும் இந்த நிறம்தான். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால கப்பல்ல வந்தவங்க ஞானஸ்நானத் தண்ணியோட பேரையும் சேத்து ஊத்திட்டுப் போயிட்டாங்க."

கூக்கோ சிரிக்கவில்லை. பெயரை மெதுவாக எழுதி முடித்து, அட்டையைக் கைப்பிடியில் கட்டி, பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பிளக் போச்சு. புதுசு வெள்ளிக்கிழமை பதினொன்னு நாப்பதுக்கு வரும்."

"ஒரு பிளக்குக்கு மூணு நாளா?"

"பதினொன்னு நாப்பதுக்கு," என்றான் கூக்கோ, கடையைப் பாதி இறக்கிவிட்டு, ஊருக்குள் நடந்தான். ஓடக்கூடாது என்று கால்களுக்குச் சொல்லிக்கொண்டு நடக்கிறவன் நடை அது.

சவேரியானுக்கு உறுத்தியது மூன்று நாள் அல்ல, அந்த நாற்பது. இந்த நாட்டில் எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் 'ஆஓரித்தா' என்பார்கள். இப்பவே என்று அர்த்தம். அது அஞ்சு நிமிஷமாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். இழுக்கிற இழுப்பை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கவேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகிறவனும் 'ஆஓரித்தா வேங்கோ' என்றுதான் சொல்வான். இப்ப வாரேன் என்று அர்த்தம். போகிறபோது வாரேன் என்று சொல்கிற இன்னொரு சனம் உலகத்தில் இருப்பதைக் கண்டு அவன் முதல் நாளே உள்ளுக்குள் சிரித்திருந்தான். ஆனால் சான் இலாரியோவில் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை. ரொட்டிக்காரி உள்ளே மாவு பார்க்கப் போகும்போது 'நாலு நிமிஷத்துல இங்க நிப்பேன்' என்றாள், நின்றாள். முடிவெட்டுகிறவன் கடைக்கதவில் 'இரண்டு இருபதுக்குத் திறப்பேன், உயிரோடு இருந்தால்' என்று எழுதி மாட்டியிருந்தான்.

ஏன் அப்படி என்பதை அன்று மாலைக்குள் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிட்டார்கள், நாலும் ஒன்றுதான்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஏரிக்கரையில் மீன் வறுத்து விற்கிற ஹசிந்தாவின் பெயர்நாள் விருந்தில், அவள் பெயருக்குரிய புனிதரின் திருநாளில், ஐஸ் தீர்ந்துபோயிற்று. அவள் புருஷன் ஹாவியேர் மிராண்டா மோட்டார் சைக்கிளை எடுத்தான். எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஆஓரித்தா வேங்கோ என்றான். சாலை வழியாகப் போனால் எதிர்க்கரைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் குறுக்கே போனான், ஏரியின் மேலே, நேராக. விருந்துக்கு வந்த அறுபது பேரும் கையில் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அவன் ஏறிப் போனதையும், டயரில் சொட்டு ஈரம் இல்லாததையும், அவன் ஐஸ் கடைப் பக்கம் திரும்பாததையும் பார்த்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் போனான். அவ்வளவுதான். அவன் போன தடம் மட்டும் தண்ணீரில் அப்படியே நின்றது, டயர் அகலத்துக்கு, மூடாமல்.

மூடும் என்று முதல் வாரம் பார்த்தார்கள். பிறகு, பள்ளமாகிப்போன ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பழகுவதுபோல, பழகிக்கொண்டார்கள். படகுக்காரர்கள் ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு, கோடு வந்ததும் குறுக்கே போட்டுப் படகை இழுத்துத் தாண்டினார்கள். அகலம் கூடியபோது அதையும் விட்டுவிட்டு, வடக்கு ஏரிக்காரர்கள், தெற்கு ஏரிக்காரர்கள் என்று ரெண்டாகி, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படகை நிறுத்தி, கூடையில் மீனும், புகைக்கிறவனுக்குச் சிகரெட்டும் எறிந்து பிடித்துப் பேசிக்கொண்டார்கள். வடக்கே பிறந்து தெற்கே வாழ்க்கைப்பட்ட ஒருத்தியை வெள்ளைக் கவுனோடு பலகைமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர்ச் சுவருக்குள் கணக்குத் தவறித் துள்ளுகிற மீன் கோட்டின் தரையில் விழும். அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஊர்ச்சபை தீர்மானம் போட்டதால் பூனைகளுக்குச் சொந்தமாயிற்று, ஊர்ப் பூனைகள் கடிகாரம் பார்த்ததுபோல் காலை மாலை இறங்கி நடந்தன, ரெண்டு பக்கச் சுவரிலிருந்தும் மீன்கள் அவற்றைப் பார்த்தன. நகரத்திலிருந்து ஒரு குருவானவர் வந்து, வேதத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சாப்பாட்டுக்கு நிற்காமல் போனார். தலைநகரத்திலிருந்து இன்ஜினியர்கள் டேப்போடு வந்து மூன்று தடவை அளந்து, மூன்று நீளம் வர, 'கண்காணிப்பில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஊர்ச்சபை அதைத் தெரு என்று பதிந்து, மிராண்டா தெரு என்று பெயர்ப்பலகை வைத்து, ரெண்டு விளக்குக் கம்பமும் நட்டது. அப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஊர் அந்த வார்த்தையை விட்டுவிட்டது.

கோடு சும்மா கிடந்திருந்தால் அப்படியே காலம் போயிருக்கும். அது வருஷத்துக்கு ரெண்டு விரல் அகன்றது. டயர் அகலம் கழுதை அகலமாகி, கழுதை அகலம் வண்டி அகலமாயிற்று. ஏரி அதற்கு இடம் விட்டு விட்டு, ஒரு காலத்தில் கரைப் படிக்கட்டை நக்கிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது நாற்பது தப்படி தள்ளிப் போய்விட்டது. போன மாதம் கோடு கரை ஏறியது. மணலைப் பிளந்துகொண்டு வந்து, ஹசிந்தாவின் சமையலறைக்குள் புகுந்து, அடுப்பை ரெண்டாக்கிவிட்டு, பின்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. சுவருக்குப் பின்னால் பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் கோயில்.

இப்படியிருக்க, மோட்டார் சைக்கிளில் ஒரு ஹாவியேர் மிராண்டா வந்து இறங்கியிருந்தான்.

புதன்கிழமை காலையிலிருந்து வீட்டுக்கு ஒரு பாத்திரமாகச் சாப்பாடு வந்தது. அவனைத் தங்கவைத்திருந்த அறை வாசலில் பெண்கள் மூடிவைத்துவிட்டு, அவன் கால்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்ச்சபைத் தலைவர் தோன் எவாரிஸ்தோ, இஸ்திரி போட்ட சட்டையில், அவனோடு உட்கார்ந்து தோர்த்தியா ரொட்டி சாப்பிட்டார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றதும் 'நல்லது, நல்லது' என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போனார். கடைப்பக்கம் போனபோது ரெண்டு பேர் குனிந்து, வண்டியின் பின் டயருக்கு நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் நூலைச் சுருட்டிக்கொண்டு தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள்.

அன்று மதியம் தூத்துக்குடியிலிருந்து மெற்றில்டா கூப்பிட்டாள். அவன் மனைவி.

"சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சி. கொத்தனாரு வந்தாரு. வாசல்லருந்து அடுப்படி வரைக்கும் தரை வெடிச்சிக் கெடக்குல்லா, திரும்பவும் சிமெண்டு வச்சி அடச்சிட்டுப் போனாரு. இன்னைக்கி அடச்சா நாளைக்கி வாயப் பொளந்துகிட்டு நிக்கி. இதோட அஞ்சாவது மட்டம்."

"கடக்கரை மண்ணு. அப்படித்தான் இருக்கும்."

"பக்கத்து வீட்டுக்கும் அதே மண்ணுதான். அண்ணன் என்னைச் சென்னைக்கு வந்துருன்னு சொல்லுதான். ஞாயித்துக்கிழம வண்டியோட வாரானாம். நான் வீட்ட அடச்சிட்டுப் போகவா, வெளக்கு வச்சிகிட்டு இங்கயே இருக்கவா? ஒரு வார்த்த சொல்லிருங்க."

"வாரேன், மெற்றில்டா."

"வாரேன்னு சொல்லாதிய. பதினோரு வருசமா அந்த ஒத்த வார்த்தைய வச்சித்தான் வாசல் கூட்டுதேன். தேதி சொல்லுங்க. இல்லன்னா வரலன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒன்னு."

"இங்க சிக்னல் சரியில்ல," என்று சொல்லி, நாலு கட்டமும் நிறைந்திருந்த போனைச் சவேரியான் பைக்குள் போட்டான். அவளைப் பிடிக்காமல் போய்விட்டது என்று எதுவும் இல்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஒவ்வொரு துறைமுகத்திலும் கை அந்தக் காகிதத்துக்குப் போகும், போய், பக்கத்துக் காகிதத்தில் உட்காரும். ஏன் என்று அவனைக் கேட்டால் அவன் யாரைப் போய்க் கேட்பான்.

வியாழக்கிழமை பகலில் ஹசிந்தா ஆள் அனுப்பினாள். அறுபது வயதைத் தொட்ட, தோள் அகன்ற பெண். பிளந்த அடுப்பில் ஒரு பாதியில் எண்ணெய்ச் சட்டியும் மறுபாதியில் காபியுமாக, நடுவில் ஓடிய பிளவுக்கு இந்தக் காலும் அந்தக் காலும் வைத்து நின்றபடி விரலளவு மீன்களை வறுத்துக்கொண்டிருந்தாள். எவாரிஸ்தோவும் கூக்கோவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ அவன மாதிரி இல்ல," என்றாள். "அவன் அழகன். உட்காரு."

உட்கார்ந்தான்.

"பொண்டாட்டி இருக்காளா?"

"இருக்கா."

"காத்திருக்காளா?"

அவன் மீனைத் தின்றான்.

"நான் காத்திருக்கேன்னு இந்த ஊரு நெனச்சிகிட்டு இருக்கு. ரெண்டு வருஷம் காத்திருந்தேன். அப்புறம் மூணு வருஷம் கோபமா இருந்தேன். அப்புறம் கடையப் பாத்துகிட்டேன். இப்ப அவன் வந்து நின்னா ஒரு தட்டு மீன் குடுத்து அனுப்பிடுவேன், உப்பு கொஞ்சம் தூக்கலா. எனக்கு அவன் வேண்டாம். ஆனா அவன் போறேன்னு சொல்லலையே. அத மட்டும் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன், ஏரியும் அன்னைக்கே மூடியிருக்கும்."

எவாரிஸ்தோ தொண்டையைச் செருமி, சபையில் பேசுகிற குரலில் விளக்கினார். நாளைக்கு அந்தப் பெயர்நாள். பகல் பன்னிரண்டுக்கு, கோடு தொடங்குகிற இந்த அடுப்படியிலிருந்து, அதே பெயர்க்காரர், மோட்டார் சைக்கிளில், ஹசிந்தா கேட்கிற கேள்விக்கு 'போகிறேன்' என்று பதில் சொல்லிவிட்டு, கோட்டு வழியாகவே அக்கரைக்குப் போய்விட வேண்டும். இரவல் வார்த்தை செல்லாது. தாய் திட்டின பாஷையில் சொல்லவேண்டும். சொன்னால் மூடும் என்பது சபையின் அபிப்பிராயம்.

"நான் உள்ள போய்க்கிட்டு இருக்கும்போதா மூடும்?"

"உங்களுக்குப் பின்னாலதான் மூடும்."

"எவ்வளவு வேகத்துல?"

"அது தெரியாது. இதுவரைக்கும் மூடினதில்லையே," என்றார் எவாரிஸ்தோ, நியாயமாக.

"அதுக்குத்தான் பிளக்கு மட்டும் இல்லாம கார்புரேட்டர், செயின் எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கேன்," என்றான் கூக்கோ. "எண்பது போகும். காதப் பிடிச்சுத் திருகினா எண்பத்தஞ்சு."

"வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். நாங்க யாரையும் வற்புறுத்துற ஊரு இல்ல," என்றார் எவாரிஸ்தோ. "பிளக்கு வராது, அவ்வளவுதான். பஸ் இன்னைக்குக் காலைல ஏழு அஞ்சுக்குப் போயிடுச்சு. அடுத்தது எப்பன்னு இன்னும் முடிவு பண்ணல."

ஹசிந்தா சட்டியை இறக்கினாள். "பயமுறுத்தாதீங்கப்பா அவன. ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தைதான். அதைத்தான் அவனும் தனக்குச் சொல்லிக்கொண்டான், ஏரிக்கரையில் உட்கார்ந்து, வாய்க்குள் வைத்து உருட்டிப் பார்த்தபடி. ஆனால் அவன் பிறந்த வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. கடலுக்குப் போகிறவன் போயிட்டு வாரேன் என்பான், பாதி வார்த்தையை முழுங்கி வாரேன் என்பான், வாசலில் நிற்கிறவள் எங்கே என்று கேட்கமாட்டாள், இது சட்டம்போல. அவனுக்கு ஒன்பது வயதில், அப்பா ஒருநாள் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு, வள்ளத்துக்குத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு, வாசலில் திரும்பி, நான் போறேன் என்றார். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் வந்தது, துடுப்புகள் காய்ந்திருந்தன. அதற்குப் பிறகு அம்மா, கடைக்குப் போகிற பிள்ளையைக்கூட வாசலில் நிறுத்தி, வாரேன் என்று வாயால் சொல்லவைத்துத்தான் விட்டாள். நாக்கு அப்படியே வளர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குப் பிளக் வந்தது, கூக்கோவின் சட்டைப் பையிலிருந்து. ஊர் முழுக்கக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. வடக்கு ஏரிக்காரர்கள் வடக்கேயும் தெற்கு ஏரிக்காரர்கள் தெற்கேயும் படகுகளைக் கரையோடு கட்டிவிட்டிருந்தார்கள். ஐஸ் விற்கிறவன் அன்று ஐஸ் விற்கவில்லை, மரியாதைக்காக. கோயில் மணிக்கயிற்றைப் பிடித்து ஒருவன் தயாராக நின்றான். எல்லா முகத்திலும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் பொறுமை. ஒருத்தரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

அடுப்படியின் பிளவில் முன் சக்கரத்தை வைத்து வண்டியைக் கிளப்பினான். நல்ல சத்தம், கூக்கோ வேலையில் குறை சொல்லமுடியாது. எதிரே தரை சரிந்து, மணலைத் தாண்டி, தண்ணீர்ச் சுவர்களுக்கு நடுவே கோடு உள்ளே போயிற்று, பச்சையாக, ஆழமாக, தூரத்தில் நூலாக மெலிந்து. ஹசிந்தா வாசலில் வந்து நின்றாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்திய கவுனைப் போட்டிருந்தாள், அக்குளில் தையல் பிரித்து.

"எங்க போற?" என்று கேட்டாள்.

கேட்கக்கூடாத கேள்வி. அவன் முதுகுத்தண்டில் அம்மாவின் விரல் ஒன்று ஏறியது. நான் போறேன். ரெண்டே சொல். ரெண்டாகக் கிடந்த அடுப்பும், சுவருக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடமும், அந்தப் பெண்ணின் அழாத முப்பது வருஷமும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான்..." என்றான், தெளிவாக, தமிழில். பிறகு நாக்கு, யாரையும் கேட்காமல், பழகின தடத்தில் இறங்கிவிட்டது. "வாரேன்."

அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அது போறேன் அல்ல என்று யாருக்குத் தெரியும். மணிக்காரன் கயிற்றை இழுத்தான், ஊர் எழுந்து நின்றது, கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஹசிந்தா மட்டும் அவன் முகத்தைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். இந்த முகத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேனே என்பதுபோல. அவன் கிளட்சை விட்டான்.

உள்ளே போனதும் மணிச்சத்தம் தண்ணீருக்குள் அமுங்கிவிட்டது. எண்பது, எண்பத்தைந்து. ரெண்டு பக்கமும் மீன்கள் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தன. மூடுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தான், மூடவில்லை. பாதி தூரத்தில் பூனைகள் தென்பட்டன, வழக்கம்போல, அவசரமில்லாமல், மீன் பொறுக்கிக்கொண்டு. ஒரு சாம்பல் பூனை அவனுக்கு வழிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து காலை நக்கியது. இது மூடாது என்று பூனைகளுக்கும் தெரிந்திருந்தது. அவன் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினான், இனி வேகமாகப் போக ஒரு காரணமும் இல்லை.

அக்கரையில் ஏறி, இறங்கி, திரும்பிப் பார்த்தான். பழைய கோடு, வண்டி அகலத்துக்கு, அப்படியே திறந்திருந்தது. அதை ஒட்டி, ஒரு முழம் தள்ளி, அவன் சக்கரம் படவே படாத தண்ணீரின் மேலே, புதிதாக இன்னொரு கோடு ஓடியது. டயர் அகலம், கத்தி வைத்துக் கீறினதுபோல. நூல் பிடித்து அளந்தவர்கள் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். எதிர்க்கரையில் மணி நின்றது, முழுச் சுற்று அடிக்காமல், பாதியில். அவ்வளவு தூரத்திலும், நாற்காலிகளுக்கு நடுவே ஒரு வெளுத்த கவுன் மெதுவாகக் கீழே உட்காருவது தெரிந்தது. ஒரு ஆள் மட்டும் தண்ணீர் ஓரத்துக்கு வந்து குனிந்தான். எவாரிஸ்தோவாக இருக்கும், புதுத் தெருவுக்கு அளவு எடுக்க.

போன் அடித்தது. தூத்துக்குடியில் ராத்திரி பதினொன்றரை தாண்டியிருக்கும், தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அதே நேரத்தில் பூனைகள் கோட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, இந்தத் தடவை நடக்கவில்லை, ஓடின. அவன் கால்களுக்கு நடுவே புகுந்து மேட்டுக்கு ஏறி, ஏரியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தன. சாம்பல் பூனை கடைசியாக, வாயில் மீனோடு.

"சாப்ட்டியளா?" என்றாள் மெற்றில்டா.

அவன் பூனைகளைப் பார்த்தான். "மெற்றில்டா," என்றான், "நான் போறேன்."

போனில் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கேட்டது. அதை அவன்தான் வாங்கி மாட்டினான், சிங்கப்பூரில்.

"என்ன சொன்னிய?"

"போறேன். வரல. நீ அண்ணனோட போ. வீட்ட அடச்சிட்டுப் போ."

அவள் அழுவாள் என்று நினைத்தான், திட்டுவாள் என்று நினைத்தான். ஒரு சுமையை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைக்கிறவள்போல நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டாள். இனிமேல் கேட்கலாம்.

"எங்க?"

முன்னால் ரோடு ரெண்டாகப் பிரிந்தது.

பின்னால் ஏரி மூடியது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, முதலில் புதுக்கோடு, பிறகு பழையது, பெரிய புத்தகத்தை யாரோ ஒரு கையால் மூடினதுபோல ஒரே சத்தம். ஒரு அலை எழுந்து, நாற்பது தப்படியையும் தாண்டி, எதிர்க்கரைப் படிக்கட்டில் போய் மோதி நின்றது. அங்கே ஒரு பெண் அழத் தொடங்கினாள், முழுத்தொண்டையில், தண்ணீர் அதை இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தது.

"அடுப்படியில ஏதோ சத்தம்," என்றாள் மெற்றில்டா. "தரைக்குள்ள. இருங்க, என்னன்னு பாத்துட்டு வா..." அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். "வைக்கிறேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் வண்டியை எடுத்தான். இந்தக் கரையில் காலையில் மழை பெய்திருந்தது. செம்மண் ரோடு பிசைந்து வைத்த மாவுபோல இருந்தது, கழுதைக் குளம்பும் கோழிக்காலும் லாரி டயரும் அச்சு அச்சாகப் பதிந்து கிடந்தன. கொஞ்ச தூரம் போனபின் கண்ணாடியில் ஏதோ குறைவதாகப் பட்டு, நிறுத்தி, திரும்பிப் பார்த்தான். அவன் வந்த வழியில் எல்லாத் தடமும் இருந்தது, போறேன் என்று சொன்ன இடத்திலிருந்து அவன் சக்கரத்தின் தடம் மட்டும் இல்லை. இறங்கி, காலை ஊன்றி, உடம்புக் கனத்தையெல்லாம் அதில் வைத்து அழுத்தினான். எடுத்துப் பார்த்தான். மண் அப்படியே இருந்தது.